தன் பாரத்தைத் தானே தாங்கும் நூல்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் நான் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெப்பத்தை 27 டிகிரியிலும் ஈரப்பதத்தை 65 சதவீதத்திலும் மாறாமல் நிறுத்தி வைத்திருக்கும் அந்தச் சிறிய அறைக்குள், நூல் நூற்கும் ரிங் பிரேமிலிருந்து வரும் பாபின்களையும், அந்த நூலைப் பெரிய கோன்களாகச் சுற்றும் ஆட்டோகோனரிலிருந்து வரும் கோன்களையும் வரிசையாக மாட்டி, நூலை அரை மீட்டர் அரை மீட்டராக இழுத்து அறுத்துப் பார்ப்பதே என் அன்றாட வேலை. அறுத்து முடித்ததும் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளில் நாங்கள் முதலில் தேடுவது ஆர்.கே.எம். என்ற எண்ணைத்தான். நாற்பதாம் நம்பர் (நூலின் நுண்மையைக் குறிக்கும் எண்) கோம்புடு நூலுக்கு, அதாவது இழைகளைச் சீவி நூற்ற நூலுக்கு, அது 18-ஐ ஒட்டி வந்தால் அன்றைய நாள் அமைதியாகக் கழியும். 15-க்கு இறங்கிவிட்டால் பஞ்சுக் கலவையிலிருந்து முறுக்கு வரை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மூன்று எழுத்துகளின் பொருளை எனக்கு முன்பிருந்த மூத்தவரிடம் கேட்டேன். "நூலை யாரும் புடிச்சு இழுக்க வேண்டாம் தம்பி. உசரத்துல இருந்து தொங்க விட்டுக்கிட்டே போனா, தன்னோட பாரமே அதை அறுத்துரும். எத்தனாவது கிலோமீட்டர்ல அறுக்குதுங்கறதுதான் இந்த நம்பர்" என்றார். அது ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சுருக்கம் என்றும், 'அறுபடும் கிலோமீட்டர்' என்பது போன்ற பொருளுடையது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக, நாற்பதாம் நம்பர் நூல் ஒன்றைப் பதினெட்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொங்கவிட முடிந்தால், அது தன் எடையால் தானே அறும்.

பல ஆண்டுகள் கழித்து, பூமியில் ஊன்றிய கயிற்றைப் பற்றி ஏறி விண்வெளிக்குப் போகும் விண்வெளி மின்தூக்கி பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே அளவையை அதில் கண்டேன். அங்கே அதற்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் கணக்கு எங்கள் ஆய்வகத்துக் கணக்கேதான். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரே தடிமனுள்ள நூலைக் கட்ட வேண்டுமானால், அதன் ஆர்.கே.எம். ஏறத்தாழ 4,950 இருக்க வேண்டும். அன்று முதல் இந்த விஷயத்தை நான் ஒரு நூல்காரனாகவே பின்தொடர்ந்து வருகிறேன்.

விண்வெளி மின்தூக்கி என்றதும் பலர் மனத்தில் வானத்தை நோக்கி எழும்பும் ஒரு கோபுரமே தோன்றுகிறது. முதன்முதலில் இதைச் சிந்தித்த ரஷ்யரான கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கியும் அப்படித்தான் தொடங்கினார். பாரிஸில் 1889-இல் எழுந்த ஈஃபில் கோபுரத்தின் தூண்டுதலால், 1895-இல் அவர், தரையிலிருந்து பார்த்தால் கோள் அசையாமல் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையின் உயரம் வரை செல்லும் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். ஆனால் கீழிருந்து மேலே அடுக்கும் எதுவும் தன் பாரத்தாலேயே அடியில் நசுங்கும். இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பியவர் யூரி அர்சுதானோவ் என்னும் லெனின்கிராட் பொறியாளர். 1960 ஜூலை 31 அன்று வெளியான கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா நாளிதழில் அவர் முன்வைத்த யோசனை, நம் ஊர் ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். விழுது மேலிருந்து கீழே இறங்கித்தான் மண்ணைத் தொடுகிறது. அதுபோலவே இதையும் மேலே தொடங்க வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அந்த இடத்திலிருந்து ஒரு நூலைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே வரும்போது, சமநிலை குலையாமல் இருக்க மேல்நோக்கியும் ஒரு நூலை நீட்டிக்கொண்டே போக வேண்டும். புவிநிலை உயரத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பகுதியையும் பூமி தன் பக்கம் இழுக்கும். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு பகுதியும் சுழற்சியின் வேகத்தால் வெளியே வீசப்படப் பார்க்கும். இந்த இரண்டு இழுப்புகளுக்கும் நடுவே நூல் விறைப்பாக நிற்கும். கீழ்முனை தரையைத் தொட்டதும் அதைக் கட்டிவிட்டு, மின்சாரத்தில் இயங்கும் வண்டிகளை அதைப் பற்றிக்கொண்டு ஏறச் செய்யலாம்.

எதற்காக இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு நான் மின்கட்டணக் கணக்கைச் சொல்வதுண்டு. ஒரு கிலோ எடையை அந்த நூலின் வழியே புவிநிலை உயரத்துக்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 13.5 யூனிட் மட்டுமே. அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதருக்கு, இயந்திர இழப்புகளைச் சேர்க்காமல், 810 யூனிட் ஆகும். நம்முடைய எல்.வி.எம்.3 ஏவூர்தி ஏறத்தாழ 640 டன் எடையோடு கிளம்பி, சுமார் 4 டன்னைத்தான் புவிநிலைக்குப் போகும் வழியில் உள்ள மாற்றுப் பாதையில் சேர்க்கிறது; மீதியில் பெரும்பகுதி, எரிபொருளைத் தூக்குவதற்கான எரிபொருளாகவே தீர்ந்துபோகிறது. நூலில் ஏறும் வண்டிக்கு இந்தச் சுமை கிடையாது. அதைவிட அழகான ஒன்றும் இதில் இருக்கிறது. நூலின் உச்சியை நோக்கிப் போகப் போக, பூமியின் சுழற்சியே பொருளுக்கு வேகத்தைக் கொடுத்துக்கொண்டு வரும். சுமார் 46,700 கி.மீ. உயரத்துக்கு மேலே போய்க் கையை விட்டால், அந்தப் பொருள் ஒரு துளி எரிபொருளும் இல்லாமல் பூமியின் பிடியிலிருந்து நிரந்தரமாக விடுபட்டுவிடும்.

மேலே சொன்ன 13.5 யூனிட்டும் 4,950 என்ற ஆர்.கே.எம்.மும் உண்மையில் ஒரே எண்தான். ஒரு கிலோவை மேலே ஏற்ற எவ்வளவு உழைப்பு தேவையோ, அவ்வளவு வலிமை ஒரு கிலோ நூலுக்குள் இருக்க வேண்டும் என்று இயற்கை கேட்கிறது. இதை நானே தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆர்.கே.எம். 4,950 இல்லாத நூலாலும் இதைச் செய்ய ஒரு வழி உண்டு. இழுவிசை மிகுதியாக இருக்கும் புவிநிலை உயரத்தில் தடிமனாகவும், இரு முனைகளை நோக்கி மெலிந்தும் நூலை அமைக்கலாம். 1975-இல் ஜெரோம் பியர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், விண்வெளியியல் ஆய்விதழ் ஒன்றில் இந்த மெலிவைக் கணக்கிட்டு வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1966-இல், ஜான் ஐசக்ஸ் தலைமையில் கடலியல் ஆய்வாளர்கள் சிலர் 'சயன்ஸ்' இதழில் இதே யோசனையை எழுதியிருந்தார்கள். ஆழ்கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கம்பி இறக்கிப் பழகியவர்களுக்கு, தொங்கும் கயிற்றின் பாரம் என்ன செய்யும் என்பது கையறிவாகத் தெரிந்திருக்கும் என்பதால், அவர்கள் பெயர்களை இங்கே பார்த்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

மெலிவுக் கணக்கு இரக்கமற்றது. நடுத் தடிமனுக்கும் முனைத் தடிமனுக்கும் (தடிமன் என்று இங்கே குறுக்குவெட்டுப் பரப்பைச் சொல்கிறேன்) உள்ள விகிதம், ஆர்.கே.எம். குறையக் குறைய அடுக்குக்குறியாக ஏறுகிறது. எங்கள் பருத்தி நூலுக்கு அந்த விகிதம் 1-க்குப் பின்னால் 119 பூஜ்யங்கள் கொண்ட எண். கண்ணுக்கு எட்டும் அண்டம் முழுவதிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கைகூட அதற்குப் பக்கத்தில் வராது. வலிமையான எஃகுக் கம்பியின் ஆர்.கே.எம். 30-ஐ ஒட்டியே இருப்பதால், எஃகும் இந்த விஷயத்தில் பருத்தியின் தோழன்தான். குண்டு துளைக்காத உடையில் பயன்படும் கெவ்லாருக்கு 250 என்று கொண்டால், விகிதம் சுமார் 40 கோடி; அதாவது தரையில் ஒரு சதுர மில்லிமீட்டர் உள்ள நூல், புவிநிலை உயரத்தில் ஏறத்தாழ 400 சதுர மீட்டராகப் பெருத்திருக்க வேண்டும். ஆனால் 2,500 எட்டக்கூடிய ஒரு நூல் கிடைத்துவிட்டால், விகிதம் சட்டென்று 7 ஆகச் சுருங்கிவிடும். வலிமை பத்து மடங்கு கூடும்போது, தடிமன் ஐந்து கோடி மடங்குக்கும் மேல் குறைகிறது. இந்த முயற்சியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சரிவுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால்தான் 1991-இல் ஜப்பானில் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களை, பற்றி எழுதியதும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகு பிராட்லி எட்வர்ட்ஸ், நாசாவின் முன்னோடிச் சிந்தனைகளுக்கான நிறுவனம் ஒன்றின் உதவியோடு 2003 வரை செய்த ஆய்வில், பசிபிக் கடலில் மிதக்கும் மேடையிலிருந்து 1,00,000 கி.மீ. உயரம் வரை செல்லும் காகிதம் போன்ற மெல்லிய நாடாவை விவரித்தார். முதலில் மிக நொய்மையான ஒரு நாடாவை மட்டும் இறக்கிவிட்டு, அதன்மேல் ஏறும் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒவ்வொன்றும் புதிய இழைகளைச் சேர்த்து ஒட்டிக்கொண்டே போவது அவர் திட்டம். ஆலையில் நாங்கள் டபுளிங் என்று சொல்லும் வேலை இது. ஒரு நூலின் மெலிந்த இடமும் இன்னொரு நூலின் மெலிந்த இடமும் ஒன்றாகச் சேர்வது அரிது என்பதால், இரண்டைச் சேர்த்து முறுக்கும்போது கிடைக்கும் நூல் சீராகிறது.

நானோகுழாய் வந்துவிட்டது, இனி மின்தூக்கி வந்துவிடும் என்று அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட செய்திகளை இப்போது திரும்பப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒற்றை இழையின் வலிமையை நூலின் வலிமை என்று அவை எடுத்துக்கொண்டன. நூற்பாலையில் ஒரு வாரம் நின்றவர்கூட அந்தத் தவறைச் செய்ய மாட்டார். ஒரு நல்ல பருத்தி இழையைத் தனியாக எடுத்து இழுத்தால், அதன் வலிமை நூலுக்குரிய அதே அளவையில் 28, 30 என்று இருக்கும். அதே பஞ்சில் நூற்ற நூலோ 18-இல் அறுகிறது. மீதி எங்கே போனது? இழை மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். நூலில் இழைகள் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருப்பவை அல்ல; முறுக்கின் அழுத்தத்தால் உரசிப் பிடித்துக்கொண்டிருப்பவை. இழுக்கும்போது சில அறுகின்றன, சில வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. முறுக்கைக் கூட்டினால் வழுக்கல் குறையும். ஆனால் இழைகள் சாய்ந்து நிற்பதால் வலிமையில் ஒரு பங்கு வீணாகும். நீள இழைப் பஞ்சுக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதற்கு இதுதான் காரணம்.

நானோகுழாய்க்கும் இதே கதைதான் நடந்தது. 2002-இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தினர், காடுபோல நெருக்கமாக வளர்ந்து நிற்கும் நானோகுழாய்களின் ஓரத்தைப் பற்றி இழுத்து, பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுப்பதுபோல் நூல் எடுத்தார்கள். 2004-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தினர், ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனத்தில் ஜவுளித்துறையில் இருந்தவரோடு சேர்ந்து, அப்படி எடுத்த நூலுக்கு முறுக்கேற்றிக் காட்டினார்கள். நம்முடைய பாட்டிமார் தக்களியில் செய்ததை, முடியைவிட நுண்ணிய அளவில் செய்த அந்த ஆய்வுக் கட்டுரையைத்தான் இந்தத் துறையில் நான் அதிக முறை படித்திருக்கிறேன். ஆனாலும் இப்படி நூற்ற நூல்கள் பெரும்பாலும் சில கிகாபாஸ்கல் (ஒரு பரப்பு எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பதன் அலகு) வலிமையோடு, கெவ்லார் போன்ற இழைகளின் வட்டாரத்திலேயே நிற்கின்றன. அதே சிங்குவாவில் 2018-இல், சில சென்டிமீட்டர் நீளமுள்ள குறையற்ற நானோகுழாய்க் கற்றை ஒன்று 80 கிகாபாஸ்கலைத் தாண்டியது. அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் என்று கொண்டு கணக்கிட்டால், ஆர்.கே.எம். 5,000-ஐத் தொடுகிறது. வேண்டிய எண் ஆய்வகத்தில் வந்துவிட்டது. வேண்டிய நீளம் வரவில்லை.

நீளம் கூடினால் ஏன் வலிமை குறைய வேண்டும் என்பதற்கும் விடை ஜவுளித் துறையிலேயே இருக்கிறது. மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சி செய்துவந்த பியர்ஸ் என்பவர் 1926-இல் எழுதிய 'மிக நலிந்த கண்ணி' பற்றிய ஆய்வு இன்றும் எங்கள் துறையின் அடிப்படைப் பாடம். நூல் எப்போதும் தன் சராசரி வலிமையில் அறுவதில்லை. தன்னிடம் உள்ள மிக மோசமான இடத்தில் அறுகிறது. நீளம் கூடக் கூட, மோசமான இடம் ஒன்று அதற்குள் அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. இத்தாலியின் நிக்கோலா புக்னோ 2006-இல் இந்த நியாயத்தை நானோகுழாய்க் கயிற்றுக்குப் பொருத்தி, தவிர்க்க முடியாத அணுக்குறைகளால் அதன் வலிமை 30 கிகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும் என்று கணித்தார். பின்னால் சொல்லப்போகும் ஜப்பானியத் திட்டத்தில் வரும் 96,000 கி.மீ. கயிற்றில், என் இயந்திரம் ஒரு தடவையில் சோதிக்கும் அரை மீட்டர் துண்டுகள் 19 கோடியே 20 லட்சம் இருக்கின்றன. ஒன்றுகூடத் தவறக் கூடாது.

நாசா 2005 முதல் நடத்திய போட்டிகளின் முடிவு இதை வேறு எதையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. ஏறும் வண்டிக்கு ஒரு போட்டி, வலிய நூலுக்கு ஒரு போட்டி என்று இரண்டு வைத்தார்கள். 2009 நவம்பரில், கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து தொங்கவிட்ட சுமார் 900 மீட்டர் கம்பியில், தரையிலிருந்து பாய்ச்சிய லேசர் ஒளியையே உணவாகக் கொண்டு லேசர்மோட்டிவ் அணியின் வண்டி உச்சி வரை ஏறி, 9 லட்சம் டாலர் பரிசை வென்றது. நூல் போட்டியில் கேட்டது, இரண்டு கிராமுக்கு மிகாத ஒரு சிறு வளையம், கடைகளில் கிடைக்கும் மிகச் சிறந்த இழையைவிட ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்பது மட்டுமே. போட்டி முடியும்வரை அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை.

விண்வெளியில் நீளக் கயிற்றை நிஜமாகவே விட்டுப் பார்த்த அனுபவமும் மனிதருக்கு உண்டு. 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து இத்தாலியச் செயற்கைக்கோள் ஒன்றை, மின்கடத்தும் மெல்லிய கயிற்றில் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்கள். 20.7 கி.மீ. போக வேண்டிய கயிறு, 19.7 கி.மீ. வெளியேறியிருந்தபோது அறுந்தது. இழுவிசை அதை அறுக்கவில்லை. காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போன கயிற்றில் சுமார் 3,500 வோல்ட் ஏறியிருந்தது. மேலுறையில் எங்கோ ஓரிடத்தில் இருந்த சிறு பழுதின் வழியே மின்பொறி பாய்ந்து, இழைகளைக் கருக்கிவிட்டது. செய்யும்போதோ கையாளும்போதோ கண்ணில் படாமல் போன ஒரு பழுது. இருபது கிலோமீட்டரில் ஒரே ஒரு இடம். தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால், அந்த விசாரணையின் முடிவைப் படித்தபோது என் சொந்த ஆலையில் நடந்ததைப் போல நெஞ்சு கனத்தது.

மற்ற ஆபத்துகளும் உண்டு. மின்னல், காற்று, நூலை ஒருநாள் குறுக்கே வெட்டப்போகும் செயற்கைக்கோள் குப்பைகள், கதிர்வீச்சுப் பட்டைகளை மெதுவாகக் கடக்கும் பயணிகளின் உடல்நலம் ஆகிய ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் நூல் இருந்தால்தான் வேலை.

தற்போது இந்த முயற்சியை வெளிப்படையாகத் தன் திட்டமாக வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஜப்பானின் ஒபயாஷி. 634 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ ஸ்கைட்ரீயைக் கட்டி முடித்த 2012-ஆம் ஆண்டிலேயே, 2050-க்குள் விண்வெளி மின்தூக்கி என்ற கருத்துருவை அது அறிவித்தது. 30 பேர் ஏறும் வண்டி மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏழரை நாளில் புவிநிலை உயரத்தை அடையும்; கயிற்றின் கோடியில் 12,500 டன் எதிர் எடை நிற்கும். அந்த ஆண்டுக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. காரணம், படம் வரைவதோடு நிற்காமல் நூலை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கிறார்கள். 2015-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் கிபோ பகுதிக்கு வெளியே நானோகுழாய் நூல் மாதிரிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த உயரத்தில் ஒற்றை அணுக்களாக அலையும் ஆக்சிஜன் நூலின் பரப்பை அரித்திருந்தது. மேலே காப்புப் பூச்சு வேண்டும். பூச்சுக்கு எடை உண்டு. எடை கூடினால் ஆர்.கே.எம். குறையும். 2018-இல் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தினர், பத்து சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு கனசதுரக் கோள்களுக்கிடையே ஏறத்தாழ பத்து மீட்டர் எஃகு நாடாவைக் கட்டி, அதில் ஒரு குட்டி வண்டியை ஓட்டிப் பார்க்கும் பரிசோதனையை விண்ணுக்கு அனுப்பினார்கள். 96,000 கி.மீ.க்கு முன்னால் பத்து மீட்டர் என்பது எதுவுமில்லை என்று தோன்றலாம். புது ரகப் பஞ்சு வந்தால் நாங்களும் ஒரு கைப்பிடியில்தான் தொடங்குவோம்.

இலங்கைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979-இல் வெளியான தம் நாவலில், சிவனொளிபாத மலையை நினைவூட்டும் ஒரு மலையுச்சியிலிருந்து மின்தூக்கியை எழுப்பினார். பூமத்திய ரேகையில் அமைய வேண்டும் என்பதற்காகத் தீவையே 800 கி.மீ. தெற்கே நகர்த்தியதாக அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

முதல் மின்தூக்கி பூமியில் அமையாது, நிலவில் அமையும் என்பது என் கணிப்பு. நிலவின் ஈர்ப்பு குறைவு என்பதால், அதன் தரையிலிருந்து பூமியை நோக்கி 56,000 கி.மீ. தொலைவிலுள்ள சமநிலைப் புள்ளி வரை கயிறு கட்டத் தேவைப்படும் ஆர்.கே.எம். சுமார் 275தான் என்று கணக்கு வருகிறது. ஜெரோம் பியர்சன் 2005-இல், இன்று கடைகளில் கிடைக்கும் இழைகளைக்கொண்டே இது சாத்தியம் என்று காட்டும் அறிக்கையை நாசாவுக்காகத் தயாரித்தார். ஆனால் மனம் இந்த மண்ணில் ஊன்றிய கயிற்றையே கேட்கிறது, 4,950-ஐ.

அந்த எண்ணுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2013-இல் சிங்குவாவில் வளர்த்த ஒரு தனி நானோகுழாய் 55 சென்டிமீட்டர் நீளத்தை எட்டியது. மூன்று சென்டிமீட்டர் பஞ்சு இழையோடு வாழ்நாளைக் கழித்த என்னைப் போன்றவர்களுக்கு அது எத்தகைய நீளம் என்று தெரியும். எங்கள் ஆய்வகத்து இயந்திரத்தில் இரண்டு கவ்விகளுக்கும் இடைப்பட்ட தூரம் 50 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை இழையை அதில் பொருத்த முடிந்தால், ஒரு சோதனைக்குச் சரியாக இருக்கும்; பிடிப்பதற்குப் பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மிஞ்சும்.